மணம் வீசும் காட்டுப்பூச் செடிகள்: வீட்டுத் தோட்டத்தில் பிழை கண்டு சரிசெய்யும் வழிமுறை

முல்லை, காட்டுமல்லி, பவழமல்லி, பாவட்டை, மனோரஞ்சிதம், குருக்கத்தி, தாழை, மகிழம், செண்பகம் ஆகியவை நம் புதர்க்காட்டிலும் நீர்க்கரையிலும் மலைச்சரிவிலும் தாமாகவே வளர்கிறவை. இந்த வழிமுறை அவற்றுக்கானது. நிலச்சம்பங்கி, இரவு ராணி, ஈழத்தலரி, நாகலிங்கம் ஆகியவை அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. அவற்றின் தேவைகள் வேறு என்பதால் இங்கே சேர்க்கவில்லை.

உங்கள் செடியில் தெரியும் குறிக்கு நேராகப் போங்கள். ஒவ்வொரு குறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு பிடிப்பது கடைசியில் வரும். அந்த வரிசையை மாற்றாதீர்கள். வீட்டுத் தோட்டத்தில் இந்தச் செடிகள் கெடுவது பெரும்பாலும் பூச்சியால் அல்ல. அளவுக்கு மீறிய தண்ணீர், போதாத வெயில், தப்பான மாதத்தில் கிளை வெட்டியது, இந்த மூன்றும்தான் முதல் காரணம். இவற்றை ஒதுக்கிவிட்டு மருந்துக்குப் போனால் செடியும் போகும், காசும் போகும்.

## எந்தக் குறியானாலும் முதலில் பார்க்க வேண்டியவை

விரலை மண்ணுக்குள் 5 செ.மீ. விடுங்கள். ஈரம் ஒட்டினால் இன்று தண்ணீர் வேண்டாம்.

செடி நிற்கும் இடத்தில் நேர் வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று காலை 8, பகல் 11, பிற்பகல் 2, மாலை 4 ஆகிய நேரங்களில் பார்த்துக் குறியுங்கள். ‘நல்ல வெளிச்சம் இருக்கிறது’ என்பது கணக்கில் வராது. நிழல் விழும் அளவுக்கு வெயில் படுகிறதா என்பதே கேள்வி.

தொட்டியைச் சாய்த்து அடித்துளையில் ஒரு குச்சியை விடுங்கள். தடையின்றி நுழைய வேண்டும். துளையிலிருந்து வேர் வெளியே வந்திருந்தால் தொட்டி போதவில்லை.

கடைசியாக எப்போது கிளை வெட்டினீர்கள், எப்போது என்ன உரம் வைத்தீர்கள் என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கீழே பல இடங்களில் இது தேவைப்படும்.

## குறி 1: விதை முளைக்கவில்லை

விதை பழையதா? செண்பக விதை பழத்தைவிட்டு வெளிவந்தபின் முளைக்கும் திறனை விரைவில் இழந்துவிடும். காய் வெடித்துச் சிவப்புச் சதை தெரியும்போதே எடுத்து, சதையை மணலோடு தேய்த்து நீக்கி, அந்த வாரமே விதையுங்கள். சதையோடு விதைத்தால் எறும்பும் பூஞ்சையும் முந்திக்கொள்ளும். மகிழம்பழ விதையையும் அப்படியே கழுவி, ஓர் இரவு நீரில் ஊறவைத்து உடனே ஊன்றுங்கள். பவழமல்லியின் தட்டையான காய் பழுப்பாகிக் காய்ந்ததும் இரண்டாகப் பிளக்கும். பக்கத்துக்கு ஒரு விதை இருக்கும். காயாகவே ஊன்றாமல் பிளந்து விதையை எடுத்து ஊன்றினால் முளைப்பு சீராக இருக்கும்.

பொறுமை போதவில்லையா? செண்பகமும் மகிழமும் ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதம் வரை எடுத்துக்கொள்ளும். அதுவரை தட்டு காயக்கூடாது, நேர் வெயிலிலும் இருக்கக்கூடாது. நடுவில் தோண்டிப் பார்ப்பதே பல விதைகளைக் கொல்கிறது.

முளைத்து உடனே சாய்கிறதா? தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நீர் கோத்ததுபோல் மெலிந்திருந்தால் அது நாற்றழுகல். சாய்ந்ததை எடுத்தெறிந்து, மீதிக்கு இரண்டு நாள் தண்ணீரை நிறுத்துங்கள். அடுத்த முறை விதைக்கும் முன், ஒரு கிலோ மக்கிய எருவில் 50 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் நோயை அடக்கும் நன்மைப் பூஞ்சைத் தூள்) கலந்து, ஒரு வாரம் நிழலில் ஈரமாக வைத்து, பிறகு மண்ணோடு சேருங்கள்.

முல்லைக்கும் காட்டுமல்லிக்கும் விதையைத் தேடாதீர்கள். பதியம்தான் உறுதியான வழி. ஓராண்டு வயதான கொடியைத் தரைக்கு வளைத்து, ஒரு கணுவுக்குக் கீழே பட்டையில் லேசாகக் கீறி, 10 செ.மீ. ஆழத்தில் புதைத்து மேலே ஒரு கல்லை வையுங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை எப்போதும் செய்யலாம். மூன்று, நான்கு மாதத்தில் வேர்விட்டிருக்கும், அப்போது தாய்க்கொடியிலிருந்து வெட்டிப் பிரிக்கலாம்.

காப்புக்காட்டில் செடியைப் பிடுங்கி வருவது வனச் சட்டப்படி குற்றம். அப்படிப் பிடுங்கி வந்தது பிழைப்பதும் அரிது. ஆழமாய் இறங்கும் ஆணிவேரைக் கையால் பிடுங்கினால் நுனி அறுந்துதான் வரும்.

## குறி 2: நட்ட செடி வாடுகிறது

வாட்டத்தை நண்பகலில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். காலை 6 மணிக்குப் பாருங்கள்.

### காலையில் நிமிர்ந்திருக்கிறது, மதியம் மட்டும் தொங்குகிறது

இது நோயல்ல. வெயில் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவே. புதிதாக நட்டதானால் முதல் மூன்று வாரம் பகல் 11 முதல் 3 வரை ஒரு துணி நிழல் கொடுங்கள். தரையில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் காய்ந்த இலைச் சருகு போட்டு மூடுங்கள், தண்டைத் தொடாமல் நான்கு விரல் இடம் விட்டு. மாடியில் கருப்பு நிறத் தொட்டியோ பையோ இருந்தால் அதன் பக்கவாட்டில் கோணிச் சாக்கைச் சுற்றுங்கள். சூடேறிய தளத்தில் தொட்டியை நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

### காலையிலும் தொங்குகிறது, மண் காய்ந்திருக்கிறது

தண்ணீர் ஊற்றுகிறீர்கள், ஆனாலும் காய்ந்திருக்கிறதென்றால் மண்கட்டி இறுகி, நீர் தொட்டியின் ஓரமாக வழிந்து ஓடிவிடுகிறது. தென்னைநார்க் கழிவு அதிகமுள்ள கலவை ஒருமுறை முழுதாகக் காய்ந்தால் பிறகு நீரை எளிதில் உறிஞ்சாது. தொட்டியை ஒரு வாளித் தண்ணீரில் விளிம்பு வரை இறக்கி, குமிழி வருவது நிற்கும்வரை வையுங்கள். அரை மணி நேரம் போதும். பிறகு நீரை வடியவிடுங்கள். நிரந்தரத் தீர்வு, கலவையை மாற்றுவது: செம்மண் 2 பங்கு, மக்கிய தொழுவுரம் 1 பங்கு, ஆற்றுமணல் அல்லது பொடி ஜல்லி 1 பங்கு. நார்க்கழிவு வேண்டுமென்றால் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

### காலையிலும் தொங்குகிறது, மண் ஈரமாக இருக்கிறது

இதைத்தான் பலர் தண்ணீர் போதவில்லை என்று எண்ணி இன்னும் ஊற்றிக் கொன்றுவிடுகிறார்கள். வேர் மூச்சடைத்து அழுகத் தொடங்கியிருக்கிறது. செய்ய வேண்டியவை:

1. தண்ணீரை நிறுத்துங்கள். தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.
2. மண்கட்டியோடு செடியை மெல்ல வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர்பழுப்பாகவோ இருக்கும், இழுத்தால் இறுக்கம் தெரியும். அழுகிய வேர் கருத்து, தோல் கழன்று, உள்நரம்பு மட்டும் கையில் வரும்.
3. அழுகியதைச் சுத்தமான கத்தரியால் நல்ல பாகம் வரை வெட்டுங்கள். எவ்வளவு வேர் போனதோ அந்த அளவுக்கு மேலே கிளையையும் குறையுங்கள்.
4. மணல் கூடுதலாகச் சேர்த்த புதுக் கலவையில், முன்பைவிடச் சிறிய தொட்டியில் நட்டு நிழலில் வையுங்கள். புதுத் துளிர் தெரியும்வரை உரம் கூடாது.

வேரில் பாதிக்கு மேல் நன்றாக இருந்தால் செடி பிழைக்கும். வேர் முழுதும் கருத்திருந்தால் அதை விட்டுவிட்டு, பச்சையாக இருக்கும் கிளையில் நுனித்தண்டு எடுத்து வேரூன்ற முயலுங்கள்.

காட்டுமல்லியும் பவழமல்லியும் நீர் தேங்குவதை மற்றவற்றைவிடக் குறைவாகவே பொறுக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், அக்டோபர் முதல் வாரத்திலேயே, இவற்றின் தொட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றித் துளைகளைச் சரிபாருங்கள். தாழை மட்டும் விதிவிலக்கு. ஈர நிலத்தையும் உப்புக் காற்றையும் அது தாங்கும்.

### தண்டின் அடியில் வெள்ளை நூல், கடுகு போன்ற உருண்டைகள்

மண்ணோடு ஒட்டிய தண்டில் வெண்ணிறப் பூஞ்சை படர்ந்து, அதில் கடுகளவில் பழுப்பு உருண்டைகள் இருந்தால் இது வேரழுகலிலும் கடியது. அந்த உருண்டைகள் மண்ணில் நெடுநாள் உயிரோடு கிடக்கும். செடியை அதைச் சுற்றிய மண்ணோடு தோண்டி எடுத்து எரித்துவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். அந்தத் தொட்டியைக் கழுவி வெயிலில் காயவையுங்கள். தரையில் என்றால் அதே குழியில் மல்லிகை இனத்தை மறுபடி நடாதீர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட செடியில் கண்டால் தாமதிக்காமல் வல்லுநரிடம் போங்கள்.

## குறி 3: இலை மஞ்சளாகிறது

எந்த இலை முதலில் மஞ்சளாகிறது என்பதே இங்கு வழிகாட்டி.

அடி இலைகள் முழுதாக மஞ்சள், நுனி பச்சை. ஒன்றிரண்டு என்றால் வயதானவை உதிர்கின்றன. நிறைய என்றால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. 16 அங்குலத் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மக்கிய தொழுவுரமும் 50 கிராம் கடலைப் பிண்ணாக்குத் தூளும் மேல்மண்ணைக் கிளறிச் சேருங்கள். பவழமல்லி கோடையில் இலையைப் பெருமளவு கொட்டுவது அதன் இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து தண்ணீரைக் கூட்டாதீர்கள். அதன் இலை உப்புத்தாள் போலச் சொரசொரப்பாக இருப்பதும் நோயல்ல.

நுனி இலைகள் வெளிறி, நரம்பு மட்டும் பச்சை. இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் செடிக்குக் கிடைக்கவில்லை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணும் உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரும் வழக்கமான காரணங்கள். ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் இரும்பு சல்பேட், 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து மாலையில் இலையின் இருபுறமும் தெளியுங்கள். கரைசலை அன்றன்றைக்குத் தயாரிக்க வேண்டும், நிறம் துருவாக மாறினால் பயனில்லை. மாதம் ஒருமுறை, புது இலை பச்சையாக வரும்வரை. சுவரிலும் தரையிலும் பட்டால் கறை போகாது, பார்த்துத் தெளியுங்கள். ஏற்கெனவே வெளிறிய இலை முழுதாகத் திரும்பாது. புதுத்துளிரைப் பார்த்துத்தான் பலனை எடைபோட வேண்டும்.

இலை விளிம்பு கருகி, மண்மேல் வெள்ளைப் படிவு. உப்பு சேர்ந்திருக்கிறது. தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு மழைநீரையோ நல்ல நீரையோ மெதுவாக ஊற்றி அடித்துளை வழியே வெளியேற்றுங்கள். மழை பெய்யும்போது தொட்டியைத் திறந்த வெளியில் வைப்பது இந்த வேலையைச் செலவின்றிச் செய்யும். தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்துள்ள உப்புகளின்) அளவு லிட்டருக்கு 1000 மி.கிராமுக்கு மேல் இருந்தால் தொட்டிச் செடிக்கு அதை மட்டுமே நம்பாதீர்கள்.

செடி முழுதும் சோர்ந்து மஞ்சள், உரத்துக்கும் மசியவில்லை. வேரை எடுத்துப் பாருங்கள். சிறு முண்டுகள் மாலைபோல் இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு (வேருக்குள் வாழும் நுண்புழு). தொட்டிக்கு 100 கிராம் வேப்பம் பிண்ணாக்கை மண்ணில் கலந்து நீர் விடுங்கள், துலுக்கச் சாமந்தியைக் கூடவே நடுங்கள். முடிச்சு நிறைந்துவிட்டால் மண்ணை மாற்றுவதைத் தவிர வழியில்லை. பழைய மண்ணை ஈரமாக்கி, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் இறுக மூடிக் கோடை வெயிலில் ஐந்தாறு வாரம் விட்ட பிறகே மீண்டும் பயன்படுத்தலாம்.

## குறி 4: செடி தளதளவென்று இருக்கிறது, பூ மட்டும் இல்லை

### வயதும் பருவமும் சரியா?

பதியத்தில் வந்த முல்லை நட்ட ஆண்டிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பூக்கத் தொடங்கும். பக்கக்கன்றில் வளர்ந்த தாழைக்கு மூன்று, நான்கு ஆண்டுகள் வேண்டும். விதையில் வந்த மகிழத்துக்கும் செண்பகத்துக்கும் அதைவிட நீண்ட காலம் ஆகும். செண்பகத்தில் ஒட்டுக்கன்று வாங்கியிருந்தால் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே பூ பார்க்கலாம். அவசரமிருந்தால் அதையே வாங்குங்கள்.

முல்லை கோடையை ஒட்டியும், பவழமல்லி ஆடி, ஆவணிக்குப் பின் மழைக்காலம் முழுதும், குருக்கத்தி பனி விலகும்போதும், தாழை மழைக்காலத்திலும் பூக்கும். மார்கழியில் முல்லை பூக்கவில்லை என்பது பிழையே அல்ல.

### வெயில் போதுமா?

முல்லை, காட்டுமல்லி, பவழமல்லி, குருக்கத்தி ஆகியவற்றுக்கு ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். நான்குக்குக் கீழே போனால் கொடி நீளும், கணுக்களுக்கு இடைவெளி கூடும், மொட்டு வராது. பாவட்டையும் மனோரஞ்சிதமும் மரநிழலின் ஓரத்தில் வளர்பவை. அரைநாள் வெயிலில் பூக்கும். வேறிடம் இல்லாதவர்கள் செடியைத் திட்டுவதைவிட இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

### தழைச்சத்து மிகுந்துவிட்டதா?

இலை கரும்பச்சை, தண்டு தடித்து மென்மை, துளிர் மேல் துளிர், மொட்டு இல்லை. இந்த நான்கும் சேர்ந்திருந்தால் யூரியாவோ கோழி எருவோ கூடிவிட்டது. மூன்று மாதம் தழையுரம் எதுவும் வேண்டாம். தொட்டிக்கு 50 கிராம் எலும்புத்தூளும் ஒரு கைப்பிடி மரச்சாம்பலும் போதும். மண் சுண்ணாம்பு மண்ணானால் சாம்பலைத் தவிருங்கள், இரும்புக் குறைவு கூடிவிடும். காட்டுச் செடிகள் மெலிந்த மண்ணில் பழகியவை. மல்லிகை வயலுக்கு வைக்கும் அளவை இவற்றுக்கு வைக்க வேண்டியதில்லை.

### கிளையை எந்த மாதம் வெட்டினீர்கள்?

நன்றாக வளர்ந்தும் பூக்காத முல்லைக் கொடிகளில், வயது, வெயில், உரம் மூன்றும் சரியென்றால் காரணம் இங்கேதான் இருக்கும். முல்லை புதுத்துளிரின் நுனியிலும் பக்கக் கிளையிலும் பூக்கும். ஜனவரி கடைசி வாரத்தில் தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் வெட்டுங்கள். வெட்டும் முன் ஒரு வாரம் தண்ணீரை நிறுத்துங்கள். காய்ந்த, குறுக்காக ஓடும், பென்சிலைவிட மெலிந்த கிளைகளை அடியோடு எடுங்கள், இலையை உருவிவிடுங்கள். அதன் பிறகு எரு வைத்து நீர் கொடுத்தால் கோடைக்கு மொட்டு திரளும். ஏப்ரலில் ‘அழகுக்காக’ நுனி கிள்ளினால் அந்த ஆண்டுப் பூவின் பெரும்பகுதியைக் கிள்ளிவிட்டீர்கள் என்று பொருள்.

பவழமல்லிக்குப் பூ ஓய்ந்தபின், ஜனவரி, பிப்ரவரியில் கவாத்து (கிளை வெட்டுதல்). ஜூலையில் வெட்டினால் மொட்டு விடும் கிளையே போய்விடும். பாவட்டையும் குருக்கத்தியும் கிளை நுனியில் கொத்தாகப் பூப்பவை. பூ முடிந்த கையோடு வெட்டுங்கள், அதற்குப் பிறகு கத்தரியை எடுக்காதீர்கள். மனோரஞ்சிதத்தில் கொக்கிபோல் வளைந்த காம்புகளைக் காய்ந்த குச்சி என்று எண்ணி வெட்டிவிடுகிறார்கள். பூ வருவதே அந்தக் கொக்கியிலிருந்துதான்.

தாழைக்குக் கவாத்தே இல்லை. காய்ந்த அடியிலையை மட்டும், தடித்த கையுறை போட்டு, எடுங்கள்.

### இடம் போதுமா?

குருக்கத்தி மரத்தைத் தழுவி ஏறும் பெருங்கொடி. தொட்டியில் இலை மட்டும்தான் கிடைக்கும். தரையும் வலுவான இரும்புப் பந்தலும் இல்லாதவர்கள் இதை விட்டுவிடலாம். (மொரிசியஸ், ரீயூனியன் தீவுகளில் இது காட்டை மூடும் ஆக்கிரமிப்புக் கொடி. அங்கு இருப்பவர்கள் நடவே கூடாது.) தாழைக்கும் தரை வேண்டும். முல்லைக்கு 16 அங்குலம், பவழமல்லிக்கு 20 அங்குலம் அகலத் தொட்டி கீழ்வரம்பு. இரண்டாண்டுக்கு ஒருமுறை கவாத்து செய்யும்போதே வெளியே எடுத்து, வெளிவேரில் ஒரு விரற்கடை சீவிப் புது மண்ணில் வையுங்கள்.

## குறி 5: மொட்டு வருகிறது, விரியாமல் கெடுகிறது

பச்சையாகவே உதிர்கிறது. ஒருநாள் காய்ந்து மறுநாள் குளமாக ஊற்றினால் இப்படி ஆகும். மொட்டுக் காலத்தில் நீர் சீராக இருக்க வேண்டும். ஆடிக் காற்றில் மாடித் தொட்டிகளின் மொட்டு உதிர்ந்தால் ஒரு பக்கம் பச்சை வலை கட்டினால் போதும்.

மொட்டு ஊதா நிறமாகிறது, ஓட்டை தெரிகிறது. மொட்டுப்புழு. அடுத்தடுத்த மொட்டுகளை நூலாம்படையால் பின்னியிருக்கும், உள்ளே பிளந்தால் புழு இருக்கும். ஊதா மொட்டு ஒவ்வொன்றையும் பறித்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். வீட்டளவில் இதைத் தினமும் ஒரு வாரம் செய்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் வேப்பங்கொட்டைப் பருப்புக் கரைசல்: 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து, மொட்டுகளைப் பறித்தபின் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை.

மொட்டு ஊதாவாகிறது, ஓட்டை இல்லை, அடிப்பாகம் வீங்கியிருக்கிறது. மொட்டு ஈ. அதன் சிறு வெண்புழுக்கள் மொட்டுக்குள் தின்று, மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகின்றன. ஆகவே மேலே மட்டும் தெளித்துப் பயனில்லை. கெட்ட மொட்டைப் பறிப்பதோடு, செடிக்கடியில் உதிர்ந்தவற்றைக் கூட்டி எடுத்து, மேல்மண்ணை 5 செ.மீ. கிளறி வெயில் படவிடுங்கள், வேப்பம் பிண்ணாக்கைத் தூவுங்கள். மொட்டுப்புழுவையும் மொட்டு ஈயையும் குழப்பிக்கொண்டால் பருவம் முழுதும் தெளித்தும் பூ பார்க்க முடியாது. ஒரு மொட்டைப் பிளந்து பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது, அதைச் செய்துவிட்டு முடிவெடுங்கள்.

## குறி 6: பூ இருக்கிறது, மணம் இல்லை

மணத்துக்காகவே வைத்த செடியில் இது வந்தால் மனம் கசந்துபோகும். ஆனால் பெரும்பாலும் செடியில் குறை இருக்காது.

### எந்த நேரத்தில் முகர்கிறீர்கள்?

முல்லை மாலையில் விரியும், இரவில் மணக்கும். பவழமல்லி இருட்டியபின் விரிந்து விடியுமுன் உதிரும். பகலில் கிளையில் பூவே இருக்காது. பாவட்டைக்கு அந்துப்பூச்சிகள் வரும் இரவுதான் பொழுது. காலை 10 மணிக்கு முகர்ந்து இவற்றைக் குறை சொல்ல முடியாது. மகிழம்பூ மட்டும் உதிர்ந்து காய்ந்த பிறகும் மணம் விடாது.

ஒரு எளிய சோதனை உண்டு. மாலை 5 மணிக்கு முதிர்ந்த முல்லை மொட்டுகளில் ஒரு கைப்பிடி பறித்து, மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் போட்டு, இரவு 9 மணிக்குத் திறந்து முகருங்கள். மணம் எழுந்தால் செடி நலம், இடம்தான் சிக்கல். எழாவிட்டால் கீழே தொடருங்கள். செடியருகே பத்து நிமிடம் நின்றால் மூக்கு பழகி எதையும் உணராது என்பதால், வெளியே போய்விட்டு வந்து முகர்வது முக்கியம்.

### பூ பழுத்ததா?

மனோரஞ்சிதத்தின் பூ பச்சையாக இலைக்குள் மறைந்து பல நாள் இருக்கும். அப்போது மணமே இராது. மஞ்சளாக மாறும்போதுதான் பழ வாசனை எழும். பச்சையில் பறித்துவிட்டு மணமில்லை என்று செடியை மாற்றியவர்கள் உண்டு.

### ஆணா, பெண்ணா?

தாழையில் ஆண் செடியும் பெண் செடியும் வேறு வேறு. மணமுள்ள வெண்மஞ்சள் மடல் ஆண் செடியில் மட்டும்தான் வரும். பெண் செடியில் அன்னாசி போன்ற காய்தான் மிஞ்சும். விதைக் கன்றில் எது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பூத்துக் கண்ட ஆண் செடியின் பக்கக்கன்றை எடுத்து நடுவதே வழி. பெண் செடிக்கு எந்த உரமும் மணம் தராது, மாற்றிவிடுங்கள்.

### வைத்தது அந்தச் செடிதானா?

‘காட்டு மல்லி’ என்ற பெயரில் பல செடிகள் விற்கப்படுகின்றன. காக்கடா பார்வைக்கு மல்லிகை, மணமோ மிக மெல்லியது. தனியிலை, சிறு கொடி, விரிந்த நட்சத்திர இதழ்கள் இருந்து, இரவில் மணம் வந்தால் காட்டுமல்லி. முல்லையில் மூன்று சிற்றிலை இருக்கும், நடுவிலுள்ளது பெரிதாகவும் பக்கத்தில் இருப்பவை காதுபோல் மிகச் சிறிதாகவும். பல இலைகளில் பக்கச் சிற்றிலை உதிர்ந்தே போயிருக்கும் என்பதால் பத்து இலையாவது பாருங்கள்.

### இடமும் பராமரிப்பும்

மாடியின் திறந்த ஓரத்தில் காற்று மணத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். இரண்டு சுவர் சேரும் மூலையில், மாலைக்காற்று செடியைத் தாண்டி சன்னலுக்கு வரும் பக்கத்தில் வையுங்கள். அடைமழை நாட்களில் எல்லாப் பூவும் மணம் குறைந்தே இருக்கும், இரண்டு நாள் வெயிலுக்குப் பின் திரும்பும். அதற்குப் பிறகும் குறைவென்றால் குறி 4-இல் சொன்ன வெயிலையும் தழைச்சத்தையும் மறுபடி பாருங்கள். நிழலில் தழைத்த செடியின் பூ பெரிதாக இருந்தும் மணம் மெலிந்திருக்கும்.

## குறி 7: இலையில் ஓட்டை, புள்ளி, சுருள்

பாவட்டை இலையில் சிதறிய சிறு கரும்புள்ளிகள் நோயல்ல. இலைக்குள் குடியிருக்கும் பாக்டீரியா முடிச்சுகள் அவை, செடியோடு ஒன்றி வாழ்பவை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெளிவாகத் தெரியும். மருந்து வேண்டாம்.

பவழமல்லியிலும் மல்லிகையிலும் இலைகள் ஒரே இரவில் காம்பு வரை காணாமல் போனால், கீழே பெரிய உருண்டை எச்சம் கிடக்கிறதா பாருங்கள். வாலில் கொம்புள்ள பருமனான பச்சைப் புழு கிளையின் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும். ஒன்றிரண்டுதான் இருக்கும், கையால் எடுத்து அகற்றினால் முடிந்தது. அது பருந்து அந்துப்பூச்சியின் புழு. இரவில் பூத்தேடி வருவதும் அந்தக் குடும்பத்துப் பூச்சிகளே என்பதால் கடும் மருந்துக்குப் போகாதீர்கள்.

இலையில் மணல் தூவியதுபோல் வெண்புள்ளி, அடியில் மெல்லிய வலை: சிலந்திப் பேன். மூன்று நாள் தொடர்ந்து காலையில் இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். போகாவிட்டால் நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம், வெப்பம் தணிந்த மாலையில். இலையிலும் மொட்டிலும் வெள்ளைக் கம்பளிபோல் முடி வளர்ந்தால் அது கண்ணுக்குத் தெரியாத வேறொரு பேன். அந்தக் கிளையை வெட்டி எரித்துவிட்டு அதே கந்தகத்தைத் தெளியுங்கள். கந்தகத்துக்கும் வேப்பெண்ணெய்க்கும் இடையில் இரண்டு வாரம் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகும்.

மாவுப்பூச்சி, அசுவினி, செதில் பூச்சி: முதலில் எறும்பைப் பாருங்கள். எறும்பு ஏறும்வரை இவை திரும்பத் திரும்ப வரும். தொட்டி வைத்த தாங்கியின் கால்களை நீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள், சுவரையோ வேறு செடியையோ தொடும் கிளையை வெட்டுங்கள். பிறகு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் சேர்த்து வாரம் ஒருமுறை தெளியுங்கள்.

## எப்போது வல்லுநரை அழைப்பது

செண்பகம், மகிழம் மரங்களில் ஏணி வைத்து எட்டாத கிளையை நீங்களே வெட்டாதீர்கள். மின்கம்பி அருகில் என்றால் மின்வாரியத்துக்குச் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகு, பழகிய மரவெட்டி ஆள்தான் செய்ய வேண்டும். மரத்தண்டில் துளையும் மரத்தூளும் தெரிந்தாலும், பட்டையிலிருந்து பிசின் வழிந்தாலும் காத்திருக்காதீர்கள்.

ஒரே வாரத்தில் மூன்று செடி அடியிலிருந்து வாடினால், வேர்முடிச்சு தரைமண்ணில் பரவியிருந்தால், இரும்பு சல்பேட் மூன்று முறை தெளித்தும் புதுத்துளிர் வெளிறியே வந்தால், இனி ஊகித்துச் செலவு செய்வதில் பயனில்லை. உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தையோ மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகுங்கள். கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

போகும்போது மாதிரியைச் சரியாகக் கொண்டுபோங்கள். மண் பரிசோதனைக்கு மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, 15 செ.மீ. ஆழம் வரை நான்கைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி அரை கிலோ. நூற்புழுவுக்கு நேர்மாறு: வேரும் வேரைச் சுற்றிய மண்ணும் ஈரமாகவே, பாலித்தீன் பையில், வெயில் படாமல் அன்றைக்கே சேர வேண்டும். இலையைச் செய்தித்தாளுக்கு இடையில் வைத்து எடுத்துச்செல்லுங்கள், பாலித்தீனில் போட்டால் வேர்த்து அழுகிவிடும். கெடத் தொடங்கிய இலை, முழுதும் கெட்ட இலை, நல்ல இலை மூன்றும் இருக்க வேண்டும். கூடவே கடைசி மூன்று மாதத்தில் வைத்த உரம், தெளித்த மருந்து, அவற்றின் தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.